வேலையிடச் சாவா, துப்பாக்கிச் சாவா: பொதுப் பாதுகாப்பில் எதை முதலில் வைப்பது?

வைகைத்தென்கரை (கேள்வி)

வணக்கம். ஏப்ரல் 28 உலக வேலையிடப் பாதுகாப்பு நாளை ஒட்டி மதுரையில் நடக்கும் ஒரு கூட்டத்துக்குத் துண்டறிக்கை தயாராகிறது. கட்டடம், பாதாளச் சாக்கடை, பட்டாசு ஆகிய மூன்று தொழில்காரர்களும் வருகிறார்கள். "துப்பாக்கியால் சாகிறவர்களை விட வேலைக்குப் போய்ச் சாகிறவர்களே அதிகம்" என்ற வரியை முதல் வரியாகப் போடலாம் என்கிறார்கள். அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவைப் பற்றி ஓயாமல் சண்டை நடக்கிறது.

கேட்க வேண்டியது மூன்று. அந்த வரி உண்மையா? உண்மை என்றாலும் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையா? கூட்டத்துக்கு வருகிறவர் மறுநாள் வேலையிடத்தில் போய்க் கேட்கக்கூடிய அளவுக்குத் திட்டமான கோரிக்கைகள் எவை? பொத்தாம்பொதுவாக "விழிப்புணர்வு வேண்டும்" என்று முடிக்க விருப்பமில்லை. துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணும்எழுத்தும்

முதல் கேள்விக்குப் பதில், நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் அந்த வரி பொய். 2022இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அதே ஆண்டு வேலையில் காயம்பட்டு இறந்தவர்கள் 5,486 பேர். ஏறக்குறைய 9 மடங்கு வித்தியாசம்.

ஆனால் அந்த 48,204ஐ அப்படியே எடுத்து வீசக் கூடாது. அதில் 27,032 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையானவர்கள் 19,651. மீதி விபத்து, போலீஸ் சுட்டது போன்றவை. அங்கே துப்பாக்கி என்றாலே தெருச்சண்டை என்று நினைப்பவர்களுக்குப் பாதிக்கு மேல் தற்கொலை என்பது தெரிவதில்லை. வேலையிடக் கணக்குக்குள்ளும் துப்பாக்கி இருக்கிறது. அந்த 5,486இல் 524 பேர் வேலை நேரத்தில் கொலை செய்யப்பட்டவர்கள், பெரும்பாலும் சுடப்பட்டவர்கள். இரவுக் கடைக்காரர் ஒருவர் சுடப்பட்டால் அவர் இரண்டு பட்டியலிலும் வருவார்.

வகுக்கும் எண்ணையும் பாருங்கள். துப்பாக்கிச் சாவை மொத்த மக்கள்தொகையால் வகுக்கிறார்கள், லட்சத்துக்கு 14 சொச்சம் வருகிறது. வேலையிடச் சாவை முழுநேர வேலைக்கு ஈடாக்கிய தொழிலாளர் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள், லட்சத்துக்கு 3.7. முன்னதில் கைக்குழந்தையும் உண்டு, பின்னதில் வேலைக்குப் போகிறவர் மட்டும்தான். வகுத்தி வேறான இரண்டு வீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தால் படிப்பவர் ஏமாறுவார்.

இந்தியாவுக்கு வாருங்கள். 2022இல் இங்கே பதிவான மொத்தக் கொலை 28,522. அத்தனை பேரும் துப்பாக்கியால் செத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் லட்சத்துக்கு 2தான். அமெரிக்காவில் துப்பாக்கிக் கொலை மட்டுமே லட்சத்துக்கு 6ஐ ஒட்டி வருகிறது. நம் ஊரில் அரிவாளும் கத்தியும்தான் பேச்சு, துப்பாக்கி அரிது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். ஆகவே நம் நாட்டுக்கு அந்த வரி பெரும்பாலும் பொருந்தும், ஆனால் எண்ணை வைத்து நிறுவ முடியாது; ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உலகக் கணக்கில் அந்த வரி சரி. வேலை காரணமாக ஆண்டுக்கு 29 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிடுகிறது. விபத்தில் இறப்பவர் மட்டும் 3,30,000. மற்றவர்கள் வேலை கொடுத்த நோயால் மெல்லச் சாகிறவர்கள். போரை விட்டுவிட்டால் துப்பாக்கியால் இறப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் அளவில். மேலூர்ப் பக்கம் கிரானைட் தூசியைச் சுவாசித்துச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தவர் பத்தாண்டு கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தால், எந்த விபத்துக் கணக்கிலும் வரமாட்டார்.

என்னைக் கேட்டால் துண்டறிக்கையில் வரவேண்டிய விஷயம் வேறு: நம் நாட்டில் வேலையிடச் சாவுக்கு ஒழுங்கான எண்ணே கிடையாது. பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் 2017 முதல் 2020 வரை சராசரியாக நாளுக்கு 3 பேர் இறந்ததாக மத்திய அரசின் தொழிற்சாலை ஆலோசனை இயக்ககத்தின் கணக்கு சொல்கிறது. "பதிவுபெற்ற" என்பதைக் கவனியுங்கள். 1948 தொழிற்சாலைச் சட்டப்படி மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்றிருந்தது. 2020இல் நிறைவேறிய வேலையிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 20, 40 என்று உயர்த்திவிட்டது. வீடு கட்டுகிற கொத்தனார், குழி தோண்டுகிறவர், லோடு ஏற்றுகிறவர் யாரும் இதில் வரமாட்டார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கை இருக்கிறதே என்பீர்கள். அதில் "தொழிற்சாலை, இயந்திர விபத்து" என்று ஒரு தலைப்பு உண்டு. ஆனால் சாரத்திலிருந்து விழுந்தவர் "கீழே விழுதல்" தலைப்பில், கம்பி தூக்கும்போது ஷாக் அடித்தவர் "மின்சாரம் தாக்குதல்" தலைப்பில், மண் சரிந்து புதைந்தவர் "கட்டுமானம் இடிதல்" தலைப்பில், லாரி ஓட்டிப்போய் இறந்தவர் சாலை விபத்தில் என்று சிதறிப்போகிறார்கள். 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் எத்தனை பேர் வேலை நேரத்தில் இறந்தார்கள் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அமெரிக்காவில் வேலையிடச் சாவுக்குப் பெருங்காரணமே வாகனம்தான், 2022இல் 2,066 பேர். அங்கே 1992 முதல் இறப்புச் சான்று, இழப்பீட்டு மனு, செய்தித்தாள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒவ்வொரு சாவாக எண்ணுகிறார்கள். எண்ணப்படாத சாவுக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

தெப்பக்குளத்தார்

அண்ணே சொன்ன எண்கள் சரி. ஆனால் ஒப்பீடே வேண்டாம் என்கிற பக்கம் போய்விடாதீர்கள். துப்பாக்கி விவாதத்திலிருந்து நமக்கு எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு. மனிதர் நொடிந்துபோன அந்தக் கொஞ்ச நேரத்தில், உயிரை எடுக்கும் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சாவு கூடும், இல்லாவிட்டால் குறையும். அமெரிக்காவில் அந்தப் பொருள் துப்பாக்கி. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் அது பூச்சிமருந்து. இலங்கை கொடிய நச்சு ரகங்களை 1980களிலிருந்து படிப்படியாகத் தடை செய்தது. 1995இல் லட்சத்துக்கு 57 என்றிருந்த தற்கொலை வீதம் 20 ஆண்டில் 17 அளவுக்கு இறங்கியது. விளைச்சல் குறையவில்லை. தமிழ்நாட்டிலும் சில ரகங்களுக்குத் தற்காலிகத் தடை வந்தது. நம் ஊருக்கு அமெரிக்கத் துப்பாக்கிக் கேள்வியின் நேர்மாற்று இதுதான் என்பேன்.

எது முதலில் என்று முடிவு செய்ய மொத்தத் தொகை மட்டும் போதாது. எந்தச் சாவுக்குத் தீர்வு ஏற்கெனவே தெரியும், என்ன செலவாகும், செய்ய வேண்டியவர் யார் என்று அடையாளம் காட்ட முடியுமா என்பவற்றையும் கேட்க வேண்டும். இந்த மூன்றிலும் வேலையிடச் சாவு முன்னால் நிற்கிறது. ஆள் தெரியும், இடம் தெரியும், காரணம் தெரியும், சாமான் கடையில் கிடைக்கும்.

வைகைத்தென்கரை

இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் முதல் வரியை மாற்றிவிடுகிறோம். மூன்றாவது கேள்விக்கு யாராவது வாருங்கள். பாதாளச் சாக்கடைதான் ஊருக்குள் முதல் கவலை.

பம்பிங்ஸ்டேஷன்

சாக்கடைச் சாவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது இது. 1993 முதல் எடுத்த கணக்கில் நாட்டிலேயே அதிகம் பேர் இறந்தது தமிழ்நாட்டில்.

2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீரேற்று நிலையக் கிணற்றில் 3 பேர் இறந்தார்கள். மோட்டார் பழுது பார்க்கப்போய் ஒருவர் உள்ளே விழ, தூக்கப்போன இருவரும் போனார்கள். எங்கும் இதே வரிசைதான். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் 1986ஆம் ஆண்டு எச்சரிக்கைக் குறிப்பின்படி, மூடிய இடத்தில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்ற இறங்கியவர்கள்.

காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றை விடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வாயு இருக்கிறது என்று பொருள், நாற்றம் நின்றுவிட்டால் வாயு இல்லை என்று பொருள் கிடையாது. 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவில் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். 500ஐத் தாண்டினால் மயக்கம், 1,000ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்வார். கத்தக்கூட நேரமில்லை. சகதி அசையாமல் இருக்கும்வரை வாயு அளக்கும் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும். காலை வைத்துக் கலக்கியதும் அடைபட்டிருந்த வாயு ஒரேயடியாக வெளியே வரும். ஆகவே இறங்கும் முன் ஒருதரம் பார்த்தால் போதாது, மீட்டர் நெஞ்சில் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சுடர் காட்டிக்கொடுக்காது. மீத்தேன் 5 விழுக்காடு இருந்தால் வெடிக்கும். முகத்தில் துண்டு, துணி மாஸ்க் எதுவும் வாயுவை நிறுத்தாது.

முதல் விதி, ஆளை இறக்காமலே முடிப்பது. தெருக் குழாய் அடைப்புக்கு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் லாரியும் உறிஞ்சு லாரியும் இருக்கின்றன. வீட்டு செப்டிக் டேங்குக்கு 14420 எண்ணில் கூப்பிட்டால் வண்டி வரும். பம்பிங் ஸ்டேஷனில் மோட்டாருக்காக இறங்குவதுதான் பெரிய ஆபத்து, அதற்கும் வழி உண்டு. நீர்மூழ்கி மோட்டாரை, மேலிருந்து அடிவரை நிற்கும் வழிகாட்டிக் குழாயில் (கைடு பைப்) பொருத்தி, அடியில் தானே கவ்விக்கொள்ளும் இணைப்பு வைத்தால், மேலே நின்றபடி சங்கிலியால் தூக்கி வெளியே எடுக்கலாம். பல இடங்களில் கைடு பைப் போட்டிருப்பார்கள். ஆனால் சங்கிலி சாதா ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு). சாக்கடை வாயுவில் இரண்டு மூன்று வருடத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும். அறுந்த சங்கிலியை மாட்டத்தான் ஆள் இறங்குகிறார். துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி போட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணிகளைப் பார்த்தால், இறங்கும் தேவை பெரும்பாலும் ஒழியும். மாநகராட்சி டெண்டர் நிபந்தனையில் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வேறு வழியே இல்லை, இறங்கியாக வேண்டும் என்றால், சாக்கடையில் இறங்குவதற்கான பாதுகாப்பு விதிகளாக இந்திய நியமம் 11972 இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். வரும் கழிவுநீரை மேல்பக்க நிலையத்தில் நிறுத்தி, மோட்டார் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியை இறங்குபவரிடமே கொடுங்கள். வேலை செய்யும் குழிக்கு முன்னும் பின்னும் உள்ள மூடிகளையும் திறந்து ஒரு மணி நேரமாவது காற்றாட விடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. காற்று ஊதும் இயந்திரமான புளோயரின் குழாய் முனை அடிமட்டத்துக்கு அருகே இருக்கும்படி இறக்கி நல்ல காற்றை ஊத வேண்டும். மேலே வைத்து ஊதினால் மேல்காற்றுதான் சுற்றும். புளோயர் வேலை முடியும்வரை ஓட வேண்டும். அதை ஜெனரேட்டர் புகை வரும் பக்கம் வைத்து கார்பன் மோனாக்சைடை உள்ளே ஊதிவிடுகிற கூத்தும் நடக்கிறது.

நான்கு வகை வாயுவை ஒருசேர அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பாருங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்தினால்தான் சென்சார் சரியாகக் காட்டும். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்கு மேலே, எரியும் வாயு, வெடிக்கத் தொடங்கும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேலே இருந்தால் இறங்கக் கூடாது. குழிக்கு மேல் முக்காலி, கையால் சுற்றித் தூக்கும் வின்ச், உடல் முழுக்கக் கட்டும் பெல்ட் வேண்டும். இடுப்புக் கயிறு வேண்டாம், மயங்கியவரை இடுப்பில் கட்டித் தூக்கினால் குறுகிய வாயில் மடங்கிச் சிக்கிக்கொள்வார். மேலே இரண்டு பேர். அவர்களின் ஒரே வேலை வின்ச்சைச் சுற்றித் தூக்குவது. எது நடந்தாலும் அவர்கள் இறங்கக் கூடாது. இதைத் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கந்தகபூமி

சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து விவரம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் போன்ற பெரிய வெடிவிபத்துகள்தான் தலைப்புச் செய்தி. ஆனால் ஓர் அறையில் ஒருவர் இருவர் கருகிப்போவது ஓயாமல் நடக்கிறது, அது செய்தித்தாளின் உள்பக்கத்தோடு சரி.

பார்க்க வேண்டியது நான்கைந்து விஷயம்தான். ஒரு அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தீபாவளி நெருங்கும்போது இது முதலில் மீறப்படும். ஒரே தீப்பொறிக்கு 4 பேருக்குப் பதில் 10 பேர் போவது இதனால்தான். கலந்த வெடிமருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது. அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் ஈரத்தோடு கிடந்தால் உள்ளுக்குள் சூடேறும். அம்மோனியா நெடி அடித்தால் அதுவே எச்சரிக்கை, கிண்டிப் பார்க்காமல் அறையை விட்டு எல்லாரும் வெளியேற வேண்டும். போரிக் அமிலம் சேர்ப்பது இந்த வினையை அடக்கத்தான், செலவு மிச்சம் என்று அதை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சலிக்கும்போதும் செலுத்தும்போதும் மணல் துகள் ஒன்று சிக்கினாலே உராய்வுக்குப் போதும், ஆகவே தரையில் ரப்பர் விரிப்பு, இரும்புக் கருவி கூடாது, நைலான் சேலை கூடாது, வாசலில் செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கந்தகத்தோடு குளோரேட் கலப்பது 1992 முதலே தடை.

இவற்றையெல்லாம் குலைப்பது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் வேறு பலர் கையில். டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) தரும் லைசென்ஸ் என்றால் வெடிமருந்து 15 கிலோ வரைதான். அந்தச் சின்ன லைசென்ஸில், வானத்தில் போய் வெடிக்கும் ஃபேன்சி ரகம் ஓடினால் உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரிக்கத் தேவையே இல்லை. கோரிக்கையாக வைக்க வேண்டியது: ஒவ்வொரு அறையை நடத்துகிறவர் பெயரும் அனுமதிக்கப்பட்ட ஆள், மருந்து அளவும் அறை வாசலில் தமிழில் எழுதியிருக்க வேண்டும்.

சாரமும்சட்டமும்

கட்டடத்துக்குச் சிலவே. சென்டரிங் கம்பி 12 மீட்டர் நீளம். 11 கேவி (11,000 வோல்ட்) லைன் பல தெருக்களில் 6 மீட்டர் உயரத்தில் போகிறது. கம்பியை நட்டுக்குத்தலாக நிமிர்த்தினால் தொடும், அவ்வளவுதான். கட்டடத்துக்கும் 11 கேவி லைனுக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மாடி போடும் முன்பே ஈபியில் எழுதிக்கொடுத்து லைனை மாற்ற வேண்டும். டைல்ஸ் கட்டர், வைப்ரேட்டர் எல்லாம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக ஓடட்டும். 16 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) ஒயரைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. நெஞ்சை நிறுத்த அதில் நூற்றில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை. ஸ்லாப் முட்டுகளை, தாங்கும் சுவர்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் கழித்தே பிரிக்க வேண்டும். உத்தரத்துக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. குழி ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பக்கப் பலகை அடிக்காமல் இறங்கக் கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. இடுப்பு வரை புதைந்தாலே ஆளை இழுத்தெடுக்க முடியாது.

இனி சாவு நடந்துவிட்டால். போலீஸ் சந்தேக மரணம் என்று பதிவதை முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 174 என்பார்கள், இப்போது அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 194. வெறும் சந்தேக மரணம் என்று மட்டும் பதிவாகி முடிந்தால், யாருடைய கவனக்குறைவு என்ற கேள்வியே எழாது. முதலில் எழுதியவர் எண்களைப் பற்றிச் சொன்ன சிதறலும் இங்கேதான் தொடங்குகிறது. புகாரில் "இன்னார் கொடுத்த வேலையைச் செய்யும்போது, இன்ன பாதுகாப்பு இல்லாததால்" என்று எழுதி, கவனக்குறைவால் சாவு விளைவித்ததற்கான பிஎன்எஸ் (தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 106ஆம் பிரிவைக் கேளுங்கள். அதில் 5 ஆண்டு வரை தண்டனை உண்டு, பழைய 304ஏயில் 2 ஆண்டுதான். சாக்கடைச் சாவு என்றால் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு இழப்பீடு 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் 10 லட்சம், 2023 அக்டோபர் தீர்ப்பில் 30 லட்சமாக உயர்ந்தது.

மற்ற வேலைகளில் இஎஸ்ஐ இருந்தால் குடும்பத்துக்கு மாத உதவித்தொகை. இல்லையென்றால் 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் வாய்பாடு, 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதுவே: மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். சம்பள வரம்பு 2020 முதல் 15,000 என்று அறிவித்தார்கள். 30 வயதுக்குக் காரணி 207.98. அப்படியானால் 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். "ரெண்டு லட்சம் வாங்கிக்கிட்டுப் பேசி முடிச்சுக்கலாம்" என்று மார்ச்சுவரி வாசலில் வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மேஸ்திரி கையை விரித்தாலும் முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தொழிலாளர் நலத்துறையில் மனுப்போட 2 ஆண்டு அவகாசம்.

வேலை உறவை நிரூபிப்பதில்தான் பெரும்பாலான மனுக்கள் விழுகின்றன. வருகைப் பதிவேடு இருக்காது. சம்பளம் வந்த ஜிபே வரவு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸப் குரல் பதிவு, கூட வேலை செய்த இருவரின் வாக்குமூலம், சம்பவ இடத்துப் படம் ஆகியவை போதும். இறந்தவரின் கைபேசியில் பணவரவு விவரங்களை எடுத்து வைக்கும்வரை சிம் கார்டை ரத்து செய்ய விடாதீர்கள்.